ரெண்டு பல் போட்டதும் பாய ஆரம்பித்த காளை: ரத்தமா, வயசா?

தென்பெண்ணைக்கரை:

வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊர், மாந்தோப்பும் கொஞ்சம் ராகியும்தான் பிழைப்பு. வீட்டில் ஒரு நாட்டுக் காளை இருக்கிறது. இப்போதுதான் ரெண்டு பல் போட்டிருக்கிறது, அதாவது முன்பக்கத்துப் பால் பல் இரண்டு விழுந்து நிலைப்பல் வந்திருக்கிறது. சாம்பல் உடம்பு, நெற்றியில் வெள்ளை, பார்க்கிறவர்கள் எல்லாம் ஆலம்பாடி இனம் என்றுதான் சொல்கிறார்கள். தாய் மாடு காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தையில் பிடித்தது. இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது, சின்னப் பிள்ளை போய்க் கயிற்றை அவிழ்த்தாலும் தலையைக்கூட ஆட்டாது, அவ்வளவு சாது. அப்பன் காளை பக்கத்து ஊர்க்காரருடையது, எருது விடும் விழாவில் ஓடுகிற காளை, ஆள் கிட்டே போனால் சிலுப்பும்.

கன்று பிறந்த சில நாளிலேயே தாய்க்கு மடிநோய் வந்துவிட்டதால் இதைப் புட்டிப்பாலில்தான் வளர்த்தோம். வீட்டு வாசலிலேயே கட்டிக்கிடக்கும், பிள்ளைகள் நெற்றியில் கை வைத்துத் தள்ளினால் அதுவும் திருப்பித் தள்ளும், எல்லாரும் சிரிப்பார்கள். ஒரு வயசு வரைக்கும் நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வரும்.

சில மாசமாகக் குணம் மாறிவிட்டது. அப்பா தட்டு (காய்ந்த தீவனம்) போடப் போனால் நேராக வராது, பக்கவாட்டில் திரும்பி முழு உடம்பையும் காட்டிக்கொண்டு நிற்கும், முதுகு லேசாக வளையும், ஒரு கண் மட்டும் ஆள் மேலேயே இருக்கும், அப்புறம் தலையைத் தாழ்த்தி முன்னங்காலால் மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொள்ளும். போன வாரம் அப்பாவைக் கொட்டகைத் தூணோடு சேர்த்து அழுத்திவிட்டது. விலா எலும்பு தப்பித்தது, ஆனால் மூச்சு விட இன்னும் வலிக்கிறது என்கிறார். என்னையும் என் மனைவியையும் ஒன்றும் செய்வதில்லை.

சந்தை வியாபாரி "அப்பன் ரத்தம் பேசுது, வித்துடுங்க" என்கிறார். அப்பா காயடித்துவிடலாம் என்கிறார். எனக்கு இதைப் பொலிகாளையாக, இனப்பெருக்கத்துக்கு, வைத்துக்கொள்ள ஆசை, ஏனென்றால் எங்கள் சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் சினை ஊசிதான், நாட்டுக் காளை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுகூட இல்லை. கேள்வி இதுதான்: இந்தக் குணம் பரம்பரையா, வயசுக்கோளாறா? வயசு ஏறினால் அடங்குமா? இதன் கன்றுகளும் இப்படியே வருமா?


கட்டுத்தரை (பாலக்கோடு):

தம்பி, முதலில் அப்பாவை அந்தக் காளை பக்கம் விடாதே. மற்றதெல்லாம் அப்புறம்.

நான் சின்ன வயதிலிருந்து மாட்டோடு இருக்கிறவன், குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தை, போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, இரண்டிலும் காளை பிடித்திருக்கிறேன், விற்றிருக்கிறேன். பால் பல் இருக்கிற வரைக்கும் எந்தக் காளங்கன்றும் நல்ல கன்றுதான். அதன் குணத்தை அப்போது பார்த்து விலை பேசக் கூடாது. ரெண்டு பல் போடும்போதுதான் காளை தன்னை யார் என்று தெரிந்துகொள்கிறது, நாலு பல்லில் அது உறுதியாகிவிடும். சீமை மாட்டுக் கன்று ஒரு வயசிலேயே ஏறப் பார்க்கும், நாட்டு மாடு தாமதம், அதனால்தான் உனக்கு இவ்வளவு நாள் தெரியவில்லை.

ரத்தம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. பர்கூர் மலை மாட்டைப் பார்த்தவனுக்கு அது தெரியும். அந்த மாடு புது ஆள் வாசம் பட்டாலே காதை விடைத்துக்கொண்டு நிற்கும், கீழே கொண்டுவந்து கட்டி வைத்து மூட்டை மூட்டையாகத் தீவனம் கொடுத்தாலும் அந்த வெறப்பு முழுசாகப் போகாது. ஆனால் ஒன்று, அந்த மாடு காட்டுப் பட்டியில் கூட்டமாக வளர்ந்தது, மனிதனைக் கண்டால் ஒதுங்கத்தான் பார்க்கும், தேடி வந்து முட்டாது. நீ சொல்கிற காளை ஒதுங்கவில்லை, எதிரே வருகிறது. மிரளுகிற மாட்டை நான் பழக்கிவிடுவேன், பக்கவாட்டில் நின்று உடம்பைக் காட்டுகிற காளையைக் கண்டால் கம்பைக் கீழே போட்டுவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடுவேன். அது பயத்தில் செய்வது இல்லை, இன்னொரு காளையைச் சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி உன் அப்பாவைக் கூப்பிடுகிறது.

சுழி பார்த்தாயா? நெற்றிச் சுழி கண்ணுக்கு மேலே ஏறியிருக்கிறதா, கண் மட்டத்திலா, கீழேயா என்று சொல். எங்கள் அப்பா மேலே ஏறின சுழியை வாங்கவே மாட்டார்.


அஞ்செட்டி வாத்தியார்:

நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவன். இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டுத்தரை அண்ணன் சொன்ன சுழியிலிருந்தே தொடங்குகிறேன். 1995ல் அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்ற கால்நடை விஞ்ஞானியும் அவருடைய குழுவும் இதைத்தான் பார்த்தார்கள். மாட்டை நெருக்குக் கூண்டில் நிறுத்தும்போது எது எவ்வளவு துள்ளுகிறது என்று குறித்துக்கொண்டு, கூடவே நெற்றிச் சுழி எங்கே இருக்கிறது என்பதையும் குறித்தார்கள். கண்ணுக்கு மேலே சுழி இருந்த மாடுகள் அதிகம் துள்ளின. கருவில் தோலும் மூளையும் ஒரே அடுக்கிலிருந்து உருவாகின்றன என்பதால் இதற்கு ஒரு காரணம் யோசிக்க முடிகிறது. ஆனால் பிறகு நடந்த ஆய்வுகளில் சிலவற்றில் இந்தத் தொடர்பு தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. அதனால் சுழியை மட்டும் வைத்து ஒரு மாட்டை ஒதுக்குவது நியாயம் இல்லை. மேலும் அவர்கள் அளந்தது மிரட்சியை, பாய்ச்சலை அல்ல. அண்ணன் பிரித்துச் சொன்னாரே, அந்தப் பிரிவு ரொம்ப முக்கியம்.

சரி, குணம் பரம்பரையில் வருமா? வரும், அதில் சந்தேகமே வேண்டாம். ரஷ்யாவில் நோவோசிபிர்ஸ்க் நகரத்தில் 1959ல் திமித்ரி பெல்யாயெவ் தொடங்கி, லுத்மிலா த்ருட் பல பத்தாண்டுகள் நடத்திய நரிச் சோதனைதான் இதற்குப் பெரிய சாட்சி. தோலுக்காகப் பண்ணையில் வளர்த்த வெள்ளி நரிகளில், மனிதன் கை நீட்டினால் கடிக்காத, ஒதுங்காத நரிகளை மட்டும் தேர்ந்தெடுத்து இணை சேர்த்தார்கள். பழக்கவில்லை, கொஞ்சவில்லை, தேர்வு மட்டும்தான். சில தலைமுறையிலேயே வாலாட்டுகிற நரிக்குட்டிகள் பிறந்தன. இன்னொரு பக்கம், சீறுகிற நரிகளை மட்டும் இணை சேர்த்து ஒரு தனி வம்சமும் உண்டாக்கினார்கள். தாய் வளர்ப்பில்தான் இது வருகிறதோ என்ற சந்தேகம் தீர, சாதுத் தாயின் கருவைச் சீறுகிற தாயின் வயிற்றிலும், அதன் கருவை இதன் வயிற்றிலும் மாற்றி வைத்தார்கள். யார் வயிற்றில் வளர்ந்தாலும், யாரிடம் பால் குடித்தாலும், குட்டிகள் கரு கொடுத்த தாயின் குணத்தோடுதான் இருந்தன.

இதில் எல்லாரும் விட்டுவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது, உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேதான். சாதாரண நரிக்குட்டிக்கு ஏறக்குறைய ஆறு வாரத்தில் பயம் என்ற ஒன்று வந்துவிடும், அதற்குப் பிறகு புது ஆள் என்றால் ஒதுங்கும். சாது வம்சத்துக் குட்டிகளுக்கு அது ஒன்பது வாரம் வரைக்கும் தள்ளிப்போனது. பயத்தோடு சேர்ந்து ஏறுகிற அட்ரீனல் சுரப்பி ஹார்மோனும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் ஏறியது. அதாவது "சாதுவாக இரு" என்று ஒரு ஜீன் எங்கேயோ எழுதி வைத்திருக்கவில்லை. எந்த வயதில் எந்தக் கதவு திறக்கும், எந்த வயதில் மூடும் என்பதைத்தான் தேர்வு மாற்றியது.

எலியிலும் இதே கதை. அமெரிக்காவில் ராபர்ட் கெய்ர்ன்ஸ் என்பவர் சண்டைக்கார எலி வம்சம், சண்டை போடாத எலி வம்சம் என்று இரண்டு உண்டாக்கினார். இளவயதில் பார்த்தால் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதே எலிகளுக்கு வயசு ஏற ஏற, மற்ற எலிகளோடு பழகப் பழக, வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தது, சாது வம்சமும் சண்டை போடக் கற்றுக்கொண்டது. எந்த வயதில் அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அதே விலங்கில் பரம்பரையின் பங்கு பெரிதாகவும் தெரியும், சிறிதாகவும் தெரியும். ஆகவே "ரத்தமா, வயசா" என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. ரத்தம் வேலை செய்வதே வயசு வழியாகத்தான்.

மாட்டுக்கு வருகிறேன். மாட்டுக் குணத்தின் பரம்பரைப் பங்கு பல ஆய்வுகளில் ஏறக்குறைய 0.3 என்று வருகிறது. ஸ்பெயினில் காளைச் சண்டைக்கு என்றே வளர்க்கிற லிடியா இனத்திலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். உங்கள் காளையின் கோபத்தில் 30 சதவீதம் அப்பன் கொடுத்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரு மந்தையில் மாட்டுக்கு மாடு குணம் வேறுபடுகிறதே, அந்த வேறுபாட்டில் ஏறக்குறைய 30 சதவீதம் பரம்பரையால், மீதி வளர்ப்பு, இடம், அனுபவம் எல்லாம் சேர்ந்து. பால் அளவின் பரம்பரைப் பங்கும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். பாலுக்காகக் காளை தேர்ந்தெடுக்க முடிகிறது என்றால் குணத்துக்காகவும் முடியும்.

இன்னொன்று, வியாபாரி "அப்பன் ரத்தம்" என்றாரே. லிடியா வளர்க்கிறவர்கள் இதற்கு நேர் எதிராகச் சொல்வார்கள், காளையின் வீரம் தாய் வழி என்று. அதனால் இரண்டு வயசுப் பசுங்கன்றுகளையே களத்தில் இறக்கிச் சோதித்துப் பார்த்துத்தான் தாயாக வைத்துக்கொள்வார்கள். முழுசாக உண்மை இல்லை, அப்பனும் பாதி கொடுக்கிறான். ஆனால் மாவோஏ என்று ஒரு ஜீன் இருக்கிறது, மூளையில் செரட்டோனின் போன்ற பொருள்களைச் சிதைக்கும் நொதியை உண்டாக்குவது அதுதான். அந்த ஜீன் முற்றிலும் செயலிழந்த ஒரு டச்சுக் குடும்பத்து ஆண்களிடம் கட்டுக்கடங்காத முரட்டுத்தனம் இருந்ததை 1993ல் கண்டுபிடித்தார்கள். மாட்டிலும் அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. காளைக்கு ஒரே ஒரு எக்ஸ்தான், அது தாயிடமிருந்து மட்டுமே வரும். தாய்க்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒன்றில் உள்ளதை இன்னொன்று மறைத்துவிடலாம். ஆகவே தாய் சாதுவாக இருந்தும் அதன் கூடப்பிறந்த காளை முரடாக இருந்திருக்கலாம். தாயைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் தாய்மாமனையும் விசாரியுங்கள் என்று சொல்வேன். சந்தையில் வாங்கிய மாடு என்பதால் உங்களால் அது முடியாமல் போகலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், மாவோஏ பல நூறு ஜீன்களில் ஒன்று, எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டக் கூடாது.


ஒகேனக்கல் ரோடு:

வாத்தியாரே, அருமையாகச் சொன்னீர்கள். நான் பென்னாகரம் பக்கம், நாட்டுக்கோழியும் ஆடும் வைத்திருக்கிறேன். மாட்டை விட்டுக் கோழிக்கு வருகிறேன், இதே விஷயத்தில் கோழி நிறையச் சொல்லிக்கொடுக்கும்.

சேவல் சண்டைக்காரர்கள் அசில் சேவலைப் பல தலைமுறையாகக் கோபத்துக்கென்றே பொறுக்கியிருக்கிறார்கள். ஆனால் குஞ்சில் அவ்வளவு தெரியாது, மூன்று நான்கு மாதம் ஆகிக் கொண்டை சிவந்து, கூவத் தொடங்கினால்தான் ஒரே கூண்டில் இரண்டை விட முடியாது. கட்டுத்தரை அண்ணன் சொன்ன ரெண்டு பல் கணக்குதான் இதுவும்.

இன்னொரு ஆராய்ச்சி எனக்குத் தெரிந்தது, முட்டைக்கோழி வளர்க்கிற எல்லாரும் படிக்க வேண்டியது. அமெரிக்காவில் வில்லியம் மியூர் என்பவர் செய்தது, 1996ல் வெளியானது. அதிகம் முட்டையிடும் கோழியைத் தனித்தனியாகப் பொறுக்குவதை விட்டுவிட்டு, எந்தக் கூண்டில் எல்லாக் கோழியும் சேர்ந்து அதிக முட்டையிட்டு, கொத்திச் சாகாமல் இருக்கிறதோ, அந்தக் கூண்டு முழுவதையும் பொறுக்கினார். இரண்டாம் தலைமுறையில் 68 சதவீதமாக இருந்த சாவு நான்காம் தலைமுறையில் 9 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. எனக்கு அதைப் படித்தபோது உடம்பே சிலிர்த்தது. தனிக்கோழி நன்றாக முட்டையிடுகிறது என்று பார்த்துப் பொறுக்கினால் பக்கத்துக் கோழியைக் கொத்தி இடத்தைப் பிடித்ததைத்தான் பொறுக்குகிறோம். ஓடுகிற காளைகளும் அப்படித்தான். வேகத்தை மட்டும் பார்த்து இணை சேர்த்தால் கூடவே எது வருகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

அப்புறம் வயசின் இன்னொரு முனையையும் யாராவது சொல்ல வேண்டும். எங்கள் நாய், பிள்ளைகள் மேலே ஏறி விளையாடினாலும் சும்மா கிடந்த நாய், கிழடான பிறகு ஒரு நாள் தூக்கத்தில் தொட்ட என் அக்கா பையனைக் கவ்விவிட்டது. ஊரில் எல்லாரும் "பழைய ரத்தம் வெளிய வந்துடுச்சு" என்றார்கள். டாக்டரிடம் காட்டினால் இடுப்பு மூட்டு தேய்ந்து தாங்க முடியாத வலி, காதும் பாதி கேட்கவில்லை. பையன் வந்தது அதற்குத் தெரியவே இல்லை. பின்லாந்தில் 9,000க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து 2021ல் வந்த ஆய்வும் வயசான நாய்களிடம் சீற்றம் அதிகம் என்றுதான் சொல்கிறது, அதற்கு வலி ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஆகவே வயசானால் எல்லாமே அடங்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.


தென்பெண்ணைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. சுழி பார்த்தேன் அண்ணா, கண் மட்டத்தில்தான் இருக்கிறது, ஒற்றைச் சுழி. தாய் மாட்டை விற்றவரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன், அதன் கூடப்பிறந்த காளை ஒன்றை ஏரில் கட்டியிருக்கிறார்கள், காயடித்த எருது, ஒரு தொந்தரவும் இல்லை என்கிறார். காயடித்ததால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று எனக்கே தோன்றுகிறது.

இதே அப்பன் காளைக்குப் பிறந்த இன்னொரு கன்று எங்கள் ஊரிலேயே இருக்கிறது, இதைவிட ரெண்டு மாசம் மூத்தது. அது தாயோடும் மற்ற மாடுகளோடும் தோப்பில் மேய்ந்து வளர்ந்தது. அதை யார் பிடித்தாலும் வருகிறது. அப்பன் ஒன்று, குணம் இரண்டு. இதை எப்படி எடுத்துக்கொள்வது?


ஊத்தங்கரை டாக்டர்:

கால்நடை மருத்துவராக இருக்கிறேன். இவ்வளவு நேரம் எல்லாரும் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தேன், ஒருவரும் கேட்காத கேள்வியை முதலில் கேட்டுவிடுகிறேன். குணம் மாறியது மெதுவாகவா, திடீரென்றா? சில மாசமாக என்று எழுதியிருப்பதால் பயம் இல்லை. ஆனால் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சாதுவாக இருந்த மாடோ, நாயோ, இரண்டு மூன்று நாளில் திடீரென்று வெறி பிடித்த மாதிரி பாய்ந்தால், குரல் மாறிக் கத்தினால், எச்சில் ஒழுகினால், தண்ணீர் விழுங்கத் திணறினால், ரத்தம், பரம்பரை என்று பேசிக்கொண்டு நிற்காதீர்கள். வெறிநோயாக இருக்கலாம். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கையை விட்டுப் பார்க்கிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள். உடனே மாட்டாஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். எச்சில் பட்டவர்கள் கையைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது உங்கள் காளை. நீங்கள் கடைசியில் சொன்ன அண்ணன் கன்றுதான் பாதிப் பதில். 1990ல் எட்வர்ட் பிரைஸ் என்பவரும் உடன் ஒருவரும் ஹியர்ஃபோர்டு என்ற சீமை இனக் காளங்கன்றுகளில் ஒரு சோதனை செய்தார்கள். பிறந்த ஓரிரு நாளில் தாயிடமிருந்து பிரித்துத் தனித்தனியாக அடைத்துப் புட்டிப்பாலில் வளர்த்தவற்றில் 75 சதவீதம், வளர்ந்த பிறகு ஆளை மிரட்டின. அதே புட்டிப்பாலில் ஆனால் கூட்டமாக வளர்த்தவற்றில் 11 சதவீதம்தான். ஒரே இனம், ஒரே பால், வித்தியாசம் கூட்டாளிகள் இருந்ததும் இல்லாததும்தான். தனியாக வளர்ந்த கன்று தன் இனம் எது என்பதை மனிதனைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது. கன்றாக இருக்கும்வரை நம்மைத் தாயாகப் பார்க்கிறது, விதை முற்றி டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறியதும் நம்மை எதிர்க்காளையாகப் பார்க்கிறது. உங்கள் அப்பாதான் வீட்டில் தலைவர் என்று அது எப்படியோ புரிந்துகொண்டிருக்கிறது, அதனால்தான் அவரோடு மோதுகிறது. உங்களையும் உங்கள் மனைவியையும் இன்னும் ஒன்றும் செய்யவில்லை என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள், அடுத்த முறை அது நீங்களாகவும் இருக்கலாம்.

நெற்றியில் கை வைத்துத் தள்ளி விளையாடுவது பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். முட்டுச் சண்டைதான் காளைகளுக்குள் யார் பெரியவன் என்று முடிவு செய்கிற வழி. கன்றுக்கு அது விளையாட்டு, வளர்ந்த பிறகு அதுவே சண்டை. காளங்கன்றைக் கழுத்தடியில், தாடையில், வால் அடியில் சொறிந்து கொடுக்கலாம், நெற்றியை மட்டும் தொடவே கூடாது. இதைக் கன்று வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

வயசு ஏறினால் அடங்குமா என்று கேட்டீர்கள். பசுவில் அடங்கும், முதல் ஈத்தில் உதைக்கிற மாடு மூன்றாம் ஈத்தில் கல்லு மாதிரி நின்று கறக்க விடும். ஈன்ற புதிதில் மட்டும் கன்றுக்காக முட்ட வரும், அது வேறு. காளை அப்படி இல்லை. ரெண்டு பல்லில் மிரட்டுகிற காளை நாலு பல்லில், ஆறு பல்லில் இன்னும் கனமாக, இன்னும் தைரியமாக இருக்கும். அது பாய்ந்தபோது ஆள் ஓடினான் என்பதை ஒவ்வொரு தடவையும் அது கற்றுக்கொள்கிறது. லிடியா காளைகளைத் தரையில் நிற்கிற மனிதனோடு மோத விடாமலேயே நாலு வயசு வரைக்கும் வளர்ப்பது அதனால்தான், ஒரு தடவை போதும், கற்றுக்கொண்டுவிடும்.


அஞ்செட்டி வாத்தியார்:

டாக்டர் சொன்னது நூற்றுக்கு நூறு. ஒன்று மட்டும் சேர்க்கிறேன், பொலிகாளையாக வைப்பது பற்றி.

ஒரே அப்பனுக்குப் பிறந்த இரண்டு கன்றில் ஒன்று முரடு, ஒன்று சாது என்றால் பரம்பரைக்கு வேலையே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். தாய் வேறு, ஒவ்வொரு கன்றுக்கும் அப்பனிடமிருந்து வருகிற பாதியும் ஒரே பாதி இல்லை. ஆனால் உங்கள் காளையின் குணத்தை அதன் ஜீனுக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது, புட்டிப்பாலும் வாசலும் அதைக் கலக்கிவிட்டன. உள்ளே நல்ல ரத்தமாகவே இருக்கலாம், நமக்குத் தெரிய வழி இல்லை. நாய்களில்கூட 2022ல் வந்த பெரிய ஆய்வில், 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பார்த்ததில், நாய்க்கு நாய் நடத்தை வேறுபடுவதில் இனம் விளக்குவது ஏறக்குறைய 9 சதவீதம்தான் என்று வந்தது. ஆயிரக்கணக்கில் பார்த்தாலே அவ்வளவுதான் தெரிகிறது, ஒற்றைக் காளையைப் பார்த்து அதன் ஜீனை எப்படிப் படிப்பது?

ஆகவே என் கருத்து, பொலிகாளை வேண்டுமென்றால் தோப்பில் கூட்டத்தோடு வளர்ந்த அந்த அண்ணன் கன்றை வையுங்கள். ஒரே அப்பன் என்பதால் நீங்கள் காக்க நினைக்கிற நாட்டு ரத்தம் அதிலும் இருக்கிறது, சாதாரண வளர்ப்பில் அதன் குணம் என்ன என்பதும் நமக்குத் தெரிகிறது. நாலு பல் போடும் வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அப்பன் காளை சிலுப்புகிற காளை என்பதால் அதன் கன்றுகளை, முக்கியமாகப் பசுங்கன்றுகளை, கவனித்துக்கொண்டே வாருங்கள். தர்மபுரி மாவட்டத்தில் ஆலம்பாடி இனத்துக்கென்றே ஆராய்ச்சி மையம் இருக்கிறது, உங்கள் மாடு உண்மையிலேயே ஆலம்பாடியா என்று அங்கே கேட்கலாம். சாம்பல் நிறமும் நெற்றி வெள்ளையும் மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, ஹள்ளிகாரும் கிட்டத்தட்ட இதே சாயல்தான், ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிறைய இருக்கிறது.


கட்டுத்தரை (பாலக்கோடு):

வாத்தியார் சொல்வது சரி. ஆனால் அந்த அண்ணன் கன்றை வைத்திருக்கிறவர் எருது விடுகிறவராக இருந்தால் அவர் காயடிக்க விடமாட்டார், பொலிக்கும் விடமாட்டார், ஓட்டத்துக்கு என்று வைத்துக்கொள்வார். இப்போதே போய்ப் பேசிவிடு தம்பி. தைப் பொங்கல் நெருங்கினால் விலை வேறு மாதிரி போகும்.


தென்பெண்ணைக்கரை:

பேசிவிட்டேன் அண்ணா, அவர் சம்மதம், சினைக்குக் காசு வாங்க மாட்டேன், ஒரு கன்று கொடுங்கள் என்றார். எங்கள் காளையைக் காயடிக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம், அப்பாவும் அதைத்தான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறார். டாக்டர், இந்த வயசில் காயடித்தால் குணம் உடனே மாறுமா? ஏரில் கட்டலாமா?


ஊத்தங்கரை டாக்டர்:

உடனே மாறாது. ஹார்மோன் சீக்கிரம் இறங்கிவிடும், ஆனால் கற்றுக்கொண்டது அப்படிப் போகாது. சின்னக் கன்றிலேயே காயடித்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது, இப்போது மாதக்கணக்கில் ஆகும், கொஞ்சம் மிச்சமும் நிற்கலாம். கிடுக்கி போட்டு விதைக்குப் போகிற நாளங்களை நசுக்குகிற முறைதான் செய்வோம், வெட்டுக்காயம் இருக்காது. வலிக்கும், மரத்துப்போக ஊசி போட்டுச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஒன்றரை மாசம் வரைக்கும் பசுக்களிடமிருந்து பிரித்தே கட்டுங்கள், மிச்ச விந்தில் சினை பிடித்துவிடும்.

அதுவரைக்கும் மூக்கணாங்கயிறு இல்லாமல் அவிழ்க்கக் கூடாது, இரண்டு பக்கமும் கயிறு போட்டு இரண்டு ஆள் பிடிக்க வேண்டும், தட்டும் தண்ணீரும் வேலிக்கு வெளியிலிருந்தே போகிற மாதிரி தொட்டியை மாற்றி வையுங்கள். ஏருக்கு ஒரு வயசான சாது எருதோடு ஜோடி போட்டுப் பழக்குங்கள், தனியாகப் பழக்காதீர்கள். அப்பாவின் விலாவை ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள், மூச்சு இழுக்கும்போது இன்னும் வலிக்கிறது என்றால் தள்ளிப்போட வேண்டாம்.